வாசலோடு நின்ற சேதி

பிள்ளை பார்க்க ஆள் வைக்கிற வீடுகளில் இன்றைக்கும் இந்தப் பேச்சு ஓயவில்லை. ஆள் வீட்டோடு தங்குவதா, காலையில் வந்து பொழுது சாய்ந்ததும் போவதா? சில மாதங்களுக்கு முன்னால் என் மருமகள் கேட்டாள். "அத்தை, தங்குற ஆளா, போய்வர்ற ஆளா, எது நல்லது? நீங்களே சொல்லுங்க." நான் எழுந்து துணி மடிக்கப் போய்விட்டேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது என்று அவள் புரிந்துகொண்டாள். கோபம்தான். அவள்மேல் இல்லை.

தங்குகிற ஆளால் வீட்டுக்கு நல்லது என்பது எனக்கும் தெரியும். ராத்திரி பிள்ளை அழுதால் தூக்க ஒருத்தி இருப்பாள். மழை என்று நின்றுவிட மாட்டாள், பஸ் போய்விட்டது என்று பிந்த மாட்டாள். அந்த ஆளுக்கும் சோறு உண்டு, பாய் போட இடம் உண்டு. எல்லாம் சரி. ஆனால் இதைப் பேசுகிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். தங்குகிற ஆளுக்கு வாசல் கிடையாது. அவளுக்கு வருகிற சேதி அடுத்தவர் வாசலில் வந்து நிற்க வேண்டும். உள்ளே விடுவதா வேண்டாமா என்று வீட்டுக்காரர்கள் முடிவு செய்வார்கள். எங்கள் அம்மாவுக்கு வந்த சேதி அப்படித்தான் நின்றது.

அப்போது நாங்கள் மலாய் நாட்டில், காஜா பேராங் என்ற பகுதியில் ஒரு சந்துக்குள் குடியிருந்தோம். பலகைச் சுவரும் தகரக் கூரையுமான வீடு. வீடுதான் சின்னது, முன்னால் நல்ல அகலமாகச் சிமெண்டு போட்ட வாசல் இருந்தது. சந்திலேயே சிமெண்டு வாசல் எங்களுடையதுதான். அப்பா ரோட்டு வேலை செய்கிறவர். வேலையில் மிஞ்சிய சிமெண்டைக் கொண்டுவந்து போட்டதாகச் சொல்வார். மிஞ்சியதுதானா என்று நாங்கள் கேட்டதில்லை. மழை நாளில் சந்து முழுக்கச் சேறாக இருக்கும்போது அக்கம்பக்கத்துப் பெண்கள் எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்து பேசுவார்கள். அப்பாவுக்கு அதில் பெருமை.

நான் மூத்தவள், தமிழ்ப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். தம்பிக்குப் பள்ளி வயது வரவில்லை. பக்கத்து வீட்டில் ஒரு செட்டிக் குடும்பம், பல தலைமுறைக்கு முன்னால் இங்கே வந்து தமிழை மறந்துவிட்டவர்கள். அந்த அம்மாவை நாங்கள் மக்சிக் என்று கூப்பிடுவோம், மலாயில் அத்தை என்கிற மாதிரி. அவர் நெற்றியில் விபூதி இல்லாத நாள் கிடையாது, வாயில் தமிழ் வந்த நாளும் கிடையாது. எங்களுக்கும் அவருக்கும் மலாய்தான். அம்மா வேலைக்குப் போனபிறகு தம்பியைப் பார்த்துக்கொண்டது அவர்தான்.

அம்மாவுக்குக் கிளேபாங்கில் வேலை. கடலோர ரோட்டில் பெரிய வீடு. ஐயா ஓர் ஆபீசில் பெரிய கிராணி, குமாஸ்தாக்களுக்கெல்லாம் தலைவர். அவர் சம்சாரம் இங்கிலீஷ் பள்ளியில் டீச்சர். அவர்களுடைய கைக்குழந்தைக்கு அம்மா ஆயா. முதலில் அது போய்வருகிற வேலைதான். விடியும் முன்னால் கிளம்பிப் போவாள், விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பி வருவாள். அவள்மேல் பால்மாவு வாசம் அடிக்கும். வந்ததும் தம்பி அவள் மடியில் ஏறிக்கொள்வான். நான் பெரியவள் என்பதால் ஏற முடியாது, பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையைப் பிடித்துக்கொள்வேன். களைத்து வந்தவளைக் கொஞ்சம் உட்காரவிடுங்கள் என்று அப்பா சத்தம் போடுவார். நாங்கள் கேட்டால்தானே.

பிறகு அப்பாவுக்கு இருமல் வந்தது. தார்ப் புகை என்றார்கள். பனி என்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படம் எடுத்து வந்தபிறகு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த நோயின் பெயரை எங்கள் சந்தில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, 'அந்த இருமல்' என்பார்கள். வேலை நின்றது. அப்பா பின்னறையில் தனியாகப் படுத்தார். தட்டும் குவளையும் தனி.

இது டீச்சரம்மாவின் காதுக்குப் போயிற்று. அவர் அம்மாவை நிறுத்திவிடவில்லை. நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை. "நீ தினமும் அங்க போயிட்டு வந்து குழந்தையைத் தொடுறது எனக்குப் பயமா இருக்கு. இங்கயே தங்கிடு. சமையக்கட்டுக்குப் பின்னால ரூம் இருக்கு. ஒரு ஞாயித்துக்கிழமை விட்டு ஒரு ஞாயித்துக்கிழமை போய்ப் பாத்துட்டு வா" என்றிருக்கிறார். அம்மா அழுதுகொண்டே வந்து சொன்னாள். அவள் மாட்டேன் என்று சொல்லிவிடத்தான் நினைத்திருந்தாள்.

அப்பாதான் பின்னறையிலிருந்து பேசினார். கதவுக்கு இந்தப் பக்கம் அம்மா உட்கார்ந்திருந்தாள்.

"அந்தம்மா சொல்றது நியாயந்தான். நீ அங்கயே இரு."

"உங்களுக்கு யாரு கஞ்சி வைக்கிறது?"

"பெரியவ இருக்கா. பக்கத்து வீட்டு அம்மா இருக்காங்க. நீ என் பக்கத்துலயே கெடந்தீன்னா நாளைக்கு உனக்கும் வந்துரும். ரெண்டு பேரும் இருமிக்கிட்டு கெடந்தா பிள்ளைங்களுக்கு யாரு சோறு போடுவா?"

 அப்பா கொஞ்சம் பொறுத்து, "கூப்பிடு தூரந்தானே. ஒண்ணுன்னா ஆளு அனுப்பறோம்" என்றார். அந்தச் சொல்லை நம்பித்தான் அம்மா போனாள்.

'ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்' என்று சந்துப் பெண்கள் அம்மாவுக்கு ஆறுதல் சொன்னார்கள். இந்தப் பழமொழியைச் சொன்னவன் கையில் கிடைத்தால் நான் நாலு கேள்வி கேட்பேன். தானே வளர்ந்த பிள்ளை நான். அரிசி களைந்தேன், அப்பாவின் துணியை வெந்நீரில் போட்டு அலசினேன், தம்பியின் தலையில் பேன் பார்த்தேன். ராத்திரி அவன் அம்மா வேண்டும் என்று அழுவான். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். கிளேபாங்கில் ஒரு குழந்தை அழுதது, அதற்கு எங்கள் அம்மா கிடைத்தாள். எங்கள் தம்பி அழுததற்கு நான்தான் கிடைத்தேன்.

அவர்கள் கெட்டவர்களாக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். டீச்சரம்மா அப்பாவுக்கு முட்டை கொடுத்தனுப்புவார். தம்பிக்குச் சட்டை, எனக்குப் பழைய இங்கிலீஷ் படப் புத்தகம். அம்மா ஞாயிற்றுக்கிழமை வரும்போது இரண்டு கையிலும் பை இருக்கும். ஆனால் திரும்பிப் போனதும் பின்பக்கமாக நுழைந்து, மருந்து கலந்த தண்ணீரில் தலை முழுகி, வேறு புடவை மாற்றியபிறகுதான் குழந்தையைத் தூக்கலாம். நாங்கள் தொட்டதையெல்லாம் கழுவிவிட்டுத்தான் அவள் அந்த வீட்டுக்குள் போனாள்.

குழந்தைக்கு ஒரு வயது ஆனபோது காது குத்து வைத்தார்கள். அந்த ஞாயிறு அம்மா எங்களிடம் வரவேண்டிய ஞாயிறு. விசேஷம் என்பதால் அடுத்த வாரம் போகச் சொல்லிவிட்டார்கள். இதை முன்னமே அம்மா வந்து சொன்னாள். அப்பா அன்றைக்குச் சிரித்த முகமாக இருந்தார்.

"பெரிய விருந்தா?" என்று கேட்டார்.

"பந்தல் போடுறாங்க. ஆளு வச்சு சமைக்கிறாங்க."

"சேமியா பாயாசம் உண்டா?"

"இருக்கும்."

"மறக்காம எனக்கு ஒரு கிண்ணம் கொண்டா. நாக்கு செத்துப்போச்சு."

அம்மா கொண்டுவருகிறேன் என்றாள். அவர்கள் கடைசியாகப் பேசியது பாயாசத்தைப் பற்றித்தான்.

காது குத்து அன்று காலையில் நான் கஞ்சிக்கு உலை வைத்திருந்தேன். அப்பா தண்ணீர் கேட்டார். கொண்டுபோனபோது எழுந்து உட்கார்ந்திருந்தார். இருமினார். அது வழக்கமான இருமல் இல்லை. சளி துப்புகிற பாத்திரத்தை எடுக்க நான் குனிந்து நிமிர்வதற்குள் எல்லாம் ஆகிவிட்டது. நான் மக்சிக்கைக் கூப்பிட்டேன். அவர் வந்து பார்த்து, என் கண்ணைத் தன் கையால் மூடி வெளியே தள்ளிக்கொண்டு போனார். ஆனால் அதற்குள் நான் பார்த்துவிட்டேன். வாய் திறந்தபடி இருந்தது. சட்டையெல்லாம் ரத்தம்.

அப்பாவோடு ரோட்டு வேலை பார்த்த ஒருவர் சந்துக் கடைசியில் இருந்தார். அவரைச் சித்தப்பா என்போம். அவர்தான் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளேபாங்குக்குக் கிளம்பினார். நானும் வருவேன் என்று பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டேன். அம்மாவிடம் நான்தான் சொல்ல வேண்டும், நான் சொன்னால்தான் அவள் தாங்குவாள் என்று என்னவோ நினைப்பு. தெங்கேராக் கடைத்தெரு வழியாகப் போனோம். கடை திறந்து எல்லாரும் பசியாறிக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூட எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை என்பது எனக்கு அநியாயமாகப் பட்டது.

அந்த வீட்டு கேட்டில் வாழைமரம் கட்டியிருந்தது. மாவிலைத் தோரணம். உள்ளே பந்தல், நிறையக் கார்கள், பின்பக்கம் சமையல் புகை. சித்தப்பா தூரத்திலேயே இறங்கி, தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். கேட்டருகில் நின்ற ஒருவரிடம் சொல்ல, ஐயா வெளியே வந்தார். பட்டு வேட்டி, நெற்றியில் சந்தனம். சித்தப்பா குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

ஐயாவுக்கு முகம் மாறியது. வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு கேட்டைப் பாதி சாத்திவிட்டு எங்கள் பக்கம் வந்தார்.

"எப்போ?"

"இப்பத்தாங்க ஐயா, காலையில."

"உள்ள பத்தர் வந்து உக்காந்துட்டாரு. நல்ல காரியம் நடக்குது. இந்த நேரத்துல..." என்று நிறுத்தினார். "நீங்க போங்க. நான் சொல்லிக்கிறேன். நானே காடியில கொண்டாந்து விட்டுர்றேன்."

"கொஞ்சம் சீக்கிரமா, ஐயா."

"சொல்லிட்டேன்ல. நாங்க வராம எடுத்துறாதீங்க."

என் தலையைத் தொட ஐயா கையை நீட்டினார். பாதியில் நினைவு வந்து இழுத்துக்கொண்டார். சாவு வீட்டுப் பிள்ளையைத் தொட்டுவிட்டுக் காது குத்துப் பந்தலுக்குள் போக முடியாது அல்லவா.

அப்போது உள்ளேயிருந்து அம்மாவின் குரல் கேட்டது. குழந்தை வீறிட்டது. அம்மா, "என் கண்ணுல்ல, என் தங்கமுல்ல, இதோ ஆச்சு, இதோ ஆச்சு" என்று சிரித்துக்கொண்டே தேற்றினாள். நான் வாயைத் திறந்தேன். சித்தப்பா என் தோளைப் பிடித்து அழுத்தினார். "ஐயா சொல்றாருல்ல. வா" என்றார். நாங்கள் திரும்பிவிட்டோம்.

அப்பாவைக் குளிப்பாட்டிச் சிமெண்டு வாசலில் கிடத்தியிருந்தார்கள். தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டியிருந்தது. மக்சிக் விபூதி பூசிவிட்டிருந்தார். எல்லாரும் ஐயாவின் காருக்காகக் காத்திருந்தார்கள். ரோட்டில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் எல்லாத் தலையும் சந்து முனைக்குத் திரும்பும். மத்தியானம் ஆயிற்று. இன்னொரு ஆளை அனுப்பலாமா என்று யாரோ கேட்டார்கள். உடனே பெரியவர்கள் அடக்கினார்கள். ஐயா நானே கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். மறுபடி ஆள் அனுப்பினால் அவர் வார்த்தையை நம்பவில்லை என்று ஆகும். படித்தவர், பெரிய உத்தியோகம், கார் வைத்திருப்பவர். அவருடைய வார்த்தையைச் சந்தேகப்படுவதைவிட ஒரு பெண்சாதி புருஷன் முகம் பார்க்காமல் போவது எங்கள் சந்துக்கு லேசாகப் பட்டது. இலவு காத்த கிளி மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அந்த இருமலில் போன உடம்பு, வைத்திருக்கக்கூடாது என்று ஆரம்பித்தார்கள். மழை வந்தால் குழியில் தண்ணீர் நிற்கும் என்றார்கள். வாய்க்கரிசி போட்டோம். பெண்சாதி போடவேண்டியதை யார் போடுவது என்று ஒரு பேச்சு வந்தது. யாரும் போடவில்லை. "முகம் பாக்க வேண்டியவங்க எல்லாம் பாத்துக்குங்க" என்று சித்தப்பா சத்தமாகச் சொன்னார். சொல்லிவிட்டு அவரே சந்து முனையைப் பார்த்தார். மக்சிக் என்னிடம் குனிந்து, அம்மா இன்னும் வரவில்லையா என்று கேட்டார். "மாக் பெலும் பாலேக்?" நான் "பெலும்" என்றேன். அதன் பிறகு தூக்கிவிட்டார்கள். தம்பியைச் சித்தப்பா தோளில் உட்காரவைத்துக்கொண்டு போனார். கொள்ளிச் சட்டி யார் கையில் இருந்தது என்று எனக்கு நினைவில்லை.

பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். நான் தலை முழுகி ஈரத்தோடு வாசலில் நின்றேன். அப்போதுதான் கறுப்புக் கார் வந்து சந்து முனையில் நின்றது.

அம்மா இறங்கினாள். பச்சையில் மஞ்சள் கரை போட்ட புதுப் புடவை. தலை நிறைய மல்லிகை. நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. கையில் டிபன் கேரியர். அவள் இறங்கினதும் கார் பின்னாலேயே போய்த் திரும்பிப் போய்விட்டது. அம்மா அதற்கு முன்னால் காரில் ஏறியதே இல்லை. யாராவது பார்த்தார்களா என்கிற மாதிரி ஒரு சிரிப்போடு சந்துக்குள் வந்தாள். அவர்கள் சொல்லவில்லை. கடைசிவரை சொல்லவில்லை.

கீழே சிந்திக் கிடந்த பூவை அவள் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது. யார் வீட்டில் என்று தேடினாள். முதலில் எதிர்வரிசையில் வயதானவர் இருந்த வீட்டைப் பார்த்தாள். அடுத்து அதற்குப் பக்கத்து வீட்டைப் பார்த்தாள். எங்கள் வீட்டைக் கடைசியாகத்தான் பார்த்தாள். அங்கே நான் ஈரத்தலையோடு நின்றேன். ஒரு கிழவி மாரில் அடித்துக்கொண்டு, "பூவும் பொட்டுமா இப்பத்தான் வர்றியாடி" என்று ஆரம்பித்தாள்.

அம்மா என்னிடம், "யாரு?" என்றாள்.

நான் பாவாடையில் சொட்டிய ஈரத்தைப் பிழிந்தேன்.

"தம்பியா? தம்பி எங்கடி?"

தம்பி இடுகாட்டில் இருந்தான். அதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. "அப்பாதாம்மா" என்றேன். அவள் டிபன் கேரியரைக் கீழே வைக்கக்கூட இல்லை, அப்படியே திரும்பி ஓடினாள். பெண்கள் பாய்ந்து பிடித்தார்கள். பொம்பளை அங்கே போகக்கூடாது என்றார்கள். "முகத்தை மட்டும் பாத்துட்டு வந்துர்றேன், முகத்தை மட்டும்" என்று அவள் எல்லாரிடமும் கெஞ்சினாள். அவளைத் தரையில் உட்காரவைக்க நிறையப் பேர் வேண்டியிருந்தது. கொஞ்ச நேரத்தில் ஆண்கள் கால் கழுவிக்கொண்டு திரும்பிவிட்டார்கள். டிபன் கேரியரில் பாயாசம் இருந்தது. மறுநாள் அது புளித்துப்போய் மக்சிக் கொண்டுபோய்க் கொட்டினார்.

அப்பாவுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. முதல் சில நாள் அம்மா என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டாள். "அப்பா முகம் எப்படி இருந்துச்சு?" நான், "தூங்குற மாதிரி இருந்துச்சும்மா" என்பேன். "வாயி?" என்பாள். "மூடித்தாம்மா இருந்துச்சு." அவள் தலையை ஆட்டிக்கொள்வாள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள்.

காரில் வரும் வழியெல்லாம் ஐயா எங்கள் படிப்பைப் பற்றிக் கேட்டுக்கொண்டே வந்தாராம். ஒரு வார்த்தை அப்பாவைப் பற்றிக் கேட்கவில்லையாம். "நான் ஒரு முட்டாளு. அப்பவே புரிஞ்சிருக்கணும்" என்றாள் அம்மா.

கருமாதி முடிந்து, பூவும் வளையலும் தாலியும் போனபிறகு டீச்சரம்மா வந்தார். எங்கள் சந்துக்குள் அவர் வந்தது அதுதான் முதல்முறை. சிமெண்டு வாசலில் நாற்காலி போட்டோம். உட்காரவில்லை. அழுதார். நிஜமாகத்தான் அழுதார்.

"குழந்தை யாருகிட்டயும் சாப்பிட மாட்டேங்குது. காது வேற சீழ் புடிச்சிருக்கு. நீ இல்லாம முடியல."

அந்தக் காதைப் பற்றி அவர்கள் வீட்டில் வேறொரு பேச்சும் உண்டு என்று பிறகு தெரிந்தது. தாலியறுத்தவள் கை பட்டதால்தான் காது பழுத்தது என்று உறவுக்காரர்கள் சொன்னார்களாம். அவளைப் பந்தலில் நிறுத்தி, வந்த பெண்களுக்கெல்லாம் மஞ்சள் குங்குமம் கொடுக்கச் சொன்னது யார் என்று அவர்களை யாரும் கேட்கவில்லை.

அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

டீச்சரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "காரியம் முடியட்டும்னு பெரியவங்க சொல்லிட்டாங்க. சொல்லியிருந்தா அந்த நிமிஷமே தீட்டு. காதுல விழாத வரைக்கும் தீட்டு இல்லையே. உனக்கும் தோஷம் வராதுன்னுதான்..."

நானும் அந்தச் சாத்திரத்தைக் கேள்விப்பட்டிருக்கிறேன். எங்கோ தூர தேசத்தில் சாவு நடந்தால், சேதி வந்து சேரும் நாளிலிருந்துதான் தீட்டு. கப்பலில் கடிதம் வருகிற காலத்துக்குச் சொன்னது அது. கிளேபாங்குக்கும் காஜா பேராங்குக்கும் நடுவில் என்ன சமுத்திரமா இருக்கிறது? அந்தச் சாத்திரத்தை அவர்கள் வாசல் கேட்டுக்கு உள்ளே நின்றுகொண்டு பயன்படுத்திக்கொண்டார்கள். என் அப்பா செத்துக் கிடந்தார். அவர்கள் கணக்கில் அம்மாவின் காதில் விழாத வரைக்கும் அவர் சாகவில்லை.

 நான் அவள் துடைப்பத்தை எடுப்பாள் என்று காத்திருந்தேன்.

"வர்றேன்" என்றாள். "ஆனா தங்க மாட்டேன். விளக்கு வைக்கிற நேரத்துக்கு நான் என் வாசல்ல இருக்கணும்."

"பொண்ணையும் பையனையும் கூட்டிட்டு வந்துரு. எல்லாரும் அங்கயே..."

"தங்க மாட்டேன்ம்மா."

டீச்சரம்மா ஒத்துக்கொண்டு போனார். நான் அன்றைக்கு அம்மாவிடம் முகம் கொடுக்கவில்லை. அந்த வீட்டுப் படியை மறுபடி எப்படி மிதிப்பாய் என்று கத்தினேன். அவள் கோபப்படவில்லை. "குழந்தை என்னடி செஞ்சுது? அது சாப்பிடாம கெடக்குது" என்றாள். பிறகு, "நீங்க ரெண்டு பேரும்தான் என்னத்தச் சாப்பிடுவீங்க?" என்றாள். 

மறுபடியும் போய்வருகிற வேலை. குழந்தை காலைக் கட்டிக்கொண்டு அழுதாலும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு அம்மா கிளம்பிவிடுவாள். பஸ் வராவிட்டால் நடந்தே வருவாள். மழையானால் நனைந்துகொண்டே வருவாள். ஆனால் சந்து முனைக்கு வந்ததும் நேராக வீட்டுக்கு வரமாட்டாள். அங்கே நின்று எங்கள் வாசலைப் பார்ப்பாள். வாசல் வெறுமனே இருக்கிறது, ஆள் கூட்டம் இல்லை என்று தெரிந்தபிறகுதான் நடப்பாள். ஒரு நாளும் அது தவறியதில்லை. சந்துப் பிள்ளைகள் அதைப் பார்த்து அவளைப் போலவே நின்று காட்டி விளையாடுவார்கள். நான் அவர்களை அடித்திருக்கிறேன்.

மறு வருஷம் மெர்டேக்கா வந்தது, நாட்டுக்குச் சுதந்திரம். அன்றைக்கு ஊரெல்லாம் விடுமுறை, ஆயாவுக்கு மட்டும் இல்லை. ஐயா வீட்டார் குழந்தையை விட்டுவிட்டுக் கொண்டாட்டம் பார்க்கப் போனார்கள். எங்கள் சந்தில் கடைக்காரர் ஒருவர் ரேடியோ வாங்கியிருந்தார். சாயங்காலம் எல்லாரும் கேட்கட்டும் என்று கம்பி இழுத்து எங்கள் சிமெண்டு வாசலில் கொண்டுவந்து வைத்தார். வேறு எங்கே வைப்பது? மலாய்க்காரர், சீனர், செட்டி வீட்டார், நம்மவர் என்று சந்தே அங்கே கூடிவிட்டது. தலைக்குமேல் காகிதக் கொடி கட்டினார்கள். நானும் எல்லாவற்றையும் மறந்து சந்தோஷமாகத்தான் இருந்தேன். அம்மா வருகிற நேரம் என்பது எனக்கு நினைவில்லை.

தற்செயலாகத் திரும்பிப் பார்த்தேன். சந்து முனையில் அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். எங்கள் வாசலில் இருந்த கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஓடினேன்.

"அம்மா, ரேடியோம்மா. ரேடியோ கேக்க வந்திருக்காங்க."

"தம்பி எங்கே?"

"அங்கதாம்மா இருக்கான். கூட்டத்துல நிக்கிறான். நல்லாத்தாம்மா இருக்கான்."

அம்மா என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை.

"நீ அப்படித்தான் சொல்லுவே. அப்பா தூங்குற மாதிரி இருந்தாருன்னும் நீதானே சொன்னே" என்றாள்.

நான் போய்க் கூட்டத்துக்குள் புகுந்து தம்பியைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். அவன் கையில் காகிதக் கொடி இருந்தது. விடு விடு என்று முரண்டு பிடித்தான். அம்மா அவனை முன்னால் நிறுத்தி, முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பார்த்தாள். நெற்றி, கண், மூக்கு, வாய் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வாசலில் மெர்டேக்கா மெர்டேக்கா என்று சத்தம் போட்டார்கள். அவன் அந்தப் பக்கம் திரும்பப் பார்த்தான். அவள் விடவில்லை.